கோலாப்பூர் செருப்பை அணிவது எப்படி?

800 யூரோ. நம்ம காசுக்கு எண்பதாயிரத்துக்கு மேல் வரும். லேப்டாப் விலை இல்லைங்க, ஒரு ஜோடி செருப்பின் விலை! 2025 டிசம்பரில் இத்தாலியின் பிராடா கம்பெனி அறிவித்த கணக்கு இது. மஹாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் 2000 ஜோடி செய்வது, 2026 பிப்ரவரி முதல் உலகம் முழுக்க 40 கடைகளில் விற்பது என்று திட்டம் போட்டார்கள். எந்தச் செருப்பைப் பார்த்து இதைச் செய்தார்களோ, அது நமக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்ச கோலாப்பூர் செருப்புதான். கோலாப்பூர் கடைத்தெருவில் ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு நல்லதாகவே ஒன்று வாங்கிவிடலாம். பேரம் பேசத் தெரிந்தவர் என்றால் இன்னும் கம்மி.

இந்தச் செருப்பை எப்படிப் போடணும், எதோட போடணும், கடிக்காமல் இருக்க என்ன பண்ணணும் என்று ஒரு பதிவு போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். தோண்டத் தோண்ட, 'எப்படி அணிவது' என்பதை விட 'யார் அணியலாம்' என்பதுதான் இதன் வரலாற்றில் பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது. டிப்ஸ் கடைசியில் வருது, அவசரக்காரர்கள் நேரே கீழே போய்க்கலாம் :-)

முதலில், இது என்ன செருப்பு?

எண்பதுகளில், தொண்ணூறுகளில் இதற்கென்று ஒரு கூட்டம் இருந்தது. கதர் ஜிப்பா, ஜோல்னாப்பை, கொஞ்சம் தாடி, காலில் கோலாப்பூர் செருப்பு. பார்த்த உடனே ஆள் ஒன்று கவிஞர், இல்லாவிட்டால் சினிமாவில் உதவி இயக்குநர் என்று சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் எழுபதுகளில் இந்தியா வந்த ஹிப்பிகள் இதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1979ல் வந்த 'சுஹாக்' இந்திப் படத்தில் அமிதாப் வில்லன்களைச் சாத்துவதே கோலாப்பூர் செருப்பால்தான். ஆக, அறிவுஜீவிக்கும் ஆச்சு, அடிதடிக்கும் ஆச்சு!

செருப்பின் அமைப்பு ரொம்ப எளிமை. தட்டையான தோல் அடி, அதுவும் இரண்டு மூன்று அடுக்கு. கட்டைவிரலுக்கு ஒரு வளையம். பாதத்தின் குறுக்கே ஒரு அகலமான பட்டை. பக்கவாட்டில் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தோல் துண்டுக்கு மராத்தியில் 'கான்' என்றே பெயர், காது என்று அர்த்தம். மேலே தோலை மெல்லிய இழைகளாகக் கிழித்துப் பின்னல் போட்டிருப்பார்கள், அது 'வேணி'. நம்ம ஊரில் தலைமுடிப் பின்னலுக்கு இருக்கும் அதே சொல்.

இதில் ஆச்சரியமான விஷயம், பாரம்பரியமான ஜோடியில் ஒரு ஆணி கூட இருக்காது. தோலைத் தோல் நூலாலேயே தைத்திருப்பார்கள். ரப்பர் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது. கிழிந்துபோனால் தைக்கலாம், அடி தேய்ந்தால் அடியை மாத்தலாம். நாம் எழுதுகிற சாப்ட்வேரை இப்படி மெயின்டெயின் பண்ண முடிந்தால் எவ்வளவு நல்லா இருக்கும்!

தோலில் இருந்து செருப்பு வரை

அடிக்கு எருமைத்தோல், அது தடிமன். பின்னலுக்கு ஆட்டுத்தோல், அது மெல்லிசு. பச்சைத் தோலை முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைத்து முடியை நீக்குவார்கள். பிறகு கருவேலம்பட்டையும் கடுக்காயும் போட்ட கஷாயத்தில் பதனிடுவார்கள். இதில் ஒரு பழைய முறை, தோலையே பை மாதிரி தைத்துக் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே கஷாயத்தை ஊற்றுவது. சாறு கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுக்குள் இறங்கிக் கசியும். கசிந்ததை எடுத்து மறுபடி ஊற்றுவார்கள். வாரக்கணக்கில் ஆகிற வேலை.

நம்ம பக்கமும் இதே கதைதான், பட்டை மட்டும் வேறு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மெட்ராஸ் தோலுக்கு ஒரு காலத்தில் லண்டன் வரை கிராக்கி. அப்புறம் குரோமியம் உப்பு வந்தது. வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. அந்த வேகத்துக்கு என்ன விலை கொடுத்தோம் என்று ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பாலாற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேலூர்த் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது.

கோலாப்பூர் செருப்பு 'வசதியான' செருப்பு ஆவதற்குக் காரணமே அந்த மெதுவான வேலைதான். பட்டையில் பதனிட்ட தோல் வியர்வையை உறிஞ்சும், காற்று போகும். முக்கியமாக, போட்டுப் போட்டுப் பழகினால் உங்கள் பாதத்தின் அச்சை அப்படியே வாங்கிக்கொள்ளும். குதிகால் எங்கே அழுத்துது, பெருவிரல் எங்கே ஊன்றுது என்று ஒரு வருஷம் கழித்து அடியைப் பார்த்தாலே தெரியும். மெமரி ஃபோம் என்று இப்போ விளம்பரம் பண்ணுகிறார்களே, அந்த வேலையை எருமைத்தோல் எப்பவோ பண்ணிவிட்டது.

வேலைப் பங்கீட்டையும் சொல்லணும். தோல் பதனிட ஒரு சமூகம், தோர் என்று பெயர். அதை வெட்டிச் செருப்பாக்க இன்னொரு சமூகம், சர்மகார். அடி வெட்டுவது, தட்டுவது எல்லாம் ஆண்கள். பின்னல், துளை போடுவது, அலங்காரத் தையல் எல்லாம் பெரும்பாலும் பெண்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து. 'ஸ்டைல்' என்று நாம் பார்க்கிற பகுதி அத்தனையும் அந்தப் பெண்களின் கைவேலை.

ஹரளய்யா

இந்தச் செருப்பு பிறந்த நிலப்பகுதி இன்றைய தென் மஹாராஷ்டிரமும் வட கர்நாடகமும். அந்த மண்ணில் செருப்பு என்றதும் சொல்லப்படுகிற கதை ஒன்று உண்டு. 12ம் நூற்றாண்டு, கல்யாண நகரம் (இன்றைக்கு பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண்). மன்னன் பிஜ்ஜளன், அவனிடம் அமைச்சர் பசவண்ணர். சாதி கிடையாது, எல்லாரும் சிவனடியார்தான் என்று சொல்லி அவர் கூட்டிய சரணர் கூட்டத்தில் செருப்புத் தைக்கும் ஹரளய்யாவும் ஒருவர்.

சரணர் மரபு சொல்கிற கதை இது. ஒரு நாள் தெருவில் ஹரளய்யா பசவண்ணருக்கு ஒரு வணக்கம் சொன்னார். பசவண்ணர் பதிலுக்கு இரண்டு வணக்கம் சொல்லிவிட்டார். ஒரு அமைச்சர், தனக்கு இரண்டு வணக்கமா! அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று தெரியாமல் ஹரளய்யா வீட்டுக்கு வருகிறார். அவரும் மனைவி கல்யாணம்மாவும் தங்கள் தொடைத்தோலை அறுத்து எடுத்து, பதனிட்டு, ஒரு ஜோடி செருப்பு செய்து பசவண்ணரிடம் கொண்டு போகிறார்கள். பசவண்ணர் அதைக் காலில் போடவில்லை. இதை அணியும் தகுதி எனக்கில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

கண்ணப்பர் கதை ஞாபகம் வருதா? அங்கே ஒரு வேடர் செருப்புக் காலைச் சிவன் முகத்திலேயே வைப்பார், அடையாளத்துக்கு. ரெண்டு கதையிலும் சாமியை விடச் செருப்புக்குச் சொந்தக்காரர்தான் உசந்து நிற்பார்.

ஹரளய்யா கதை அத்தோடு முடியவில்லை. சரணராக மாறிய மதுவரசர் பிராமணர். அவருடைய மகளுக்கும் ஹரளய்யாவின் மகனுக்கும் கல்யாணம் நடந்தது. ஊர் கொதித்தது. பிஜ்ஜளன் இரண்டு தகப்பன்மாருக்கும் மரண தண்டனை கொடுத்தான். 1167 வாக்கில் பிஜ்ஜளனும் கொல்லப்பட்டான், சரணர்கள் சிதறி ஓடினார்கள். கிரீஷ் கர்னாட் 1990ல் எழுதிய 'தலெதண்ட' நாடகம் இந்தக் கலவரத்தைப் பற்றியதுதான்.

தொடைத்தோலில் செருப்பு என்பதை மரபுக்கதை என்று ஒதுக்கி வைத்தாலும் எனக்கு ஒரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. செருப்புத் தைத்தவர் என்ற அடையாளத்தோடே பெயர் நிலைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வடக்கே ரோஹிதாஸ், இங்கே ஹரளய்யா, அவ்வளவுதான் டக்கென்று வருகிறது. கோயில் கட்டியவன் பெயர் கல்வெட்டில் இருக்கும். செருப்பில் யாரும் கையெழுத்துப் போட விடுவதில்லை. வட கர்நாடகத்தில் செருப்புத் தொழில் செய்யும் சமகார மக்கள் இன்றைக்கும் தங்கள் சங்கங்களுக்கு ஹரளய்யா பெயரை வைத்திருக்கிறார்கள். எண்ணூறு வருஷத்துக்கு ஒரு பெயர் தாங்குது என்றால் சும்மாவா?

ராஜா வந்தார்

அங்கேயிருந்து நேரே 1894க்கு ஒரு தாவு. அந்த வருஷம் கோலாப்பூர் சமஸ்தானத்தின் ஆட்சிக்கு வந்தவர் சாஹு மகாராஜ். 1922ல் இறக்கும் வரை ஆண்டார். உள்ளூர்க் கைத்தொழில்களை ஆதரித்தவர், செருப்புத் தொழிலும் அவர் காலத்தில் நல்லா வளர்ந்தது. ஆனால் செருப்புக்கு அவர் செய்ததை விட, செருப்புத் தைத்தவர்களுக்குச் செய்ததுதான் பெருசு. 1902லேயே அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கி உத்தரவு போட்டார். நம்ம ஊரில் நீதிக்கட்சியின் வகுப்புவாரி அரசாணை வந்தது 1921ல். இட ஒதுக்கீடு பற்றி மாய்ந்து மாய்ந்து சண்டை போடுகிற நாம் கோலாப்பூரை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இன்னொரு சம்பவம். கங்காராம் காம்ப்ளே என்று அரண்மனைத் தொழிலாளி, தலித். தண்ணீர்த் தொட்டியைத் தொட்டார் என்று மற்றவர்கள் அவரை அடித்துப் போட்டார்கள். சாஹு மகாராஜ் அவருக்கு ஒரு டீக்கடை வைத்துக் கொடுத்தார். அதோடு நிறுத்தாமல் தானே அந்தக் கடைக்குப் போய் டீ குடித்தார், கூட வந்தவர்களையும் குடிக்க வைத்தார். ராஜா குடிச்ச டீயை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்?

1920 மார்ச்சில் கோலாப்பூர் சமஸ்தானத்தின் மாண்காவ் கிராமத்தில் தீண்டப்படாதவர்களின் மாநாடு நடந்தது. அங்கே கூட்டத்திடம் அம்பேத்கரைக் காட்டி, உங்களுக்கு உங்கள் தலைவர் கிடைத்துவிட்டார் என்ற பொருளில் பேசியவர் இதே சாஹு. அம்பேத்கருக்கு அப்போது 28 வயது. நம்மில் பல பேருக்கு அந்த வயசில் அப்ரைசல் கவலைதான் தலைபோகிற கவலை.

யார் அணியலாம்?

இப்போ தலைப்புக்கு வருவோம். ஒரு சமூகம் செத்த மாட்டைத் தூக்கி, தோலை உரித்து, பதனிட்டு, செருப்பாக்கி, ஊருக்கே போட்டுவிட்டது. அதே சமூகத்து ஆள் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது, கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வழக்கம் மஹாராஷ்டிரத்துக்கு மட்டும் சொந்தமில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இருந்தது. மதுரை, திருநெல்வேலி, கோவை என்று எந்தப் பக்கத்து ஆளைக் கேட்டாலும், தாத்தா காலத்தில் பார்த்தேன் என்று ஒருவராவது சொல்வார். தாத்தா காலத்தோடு முடிந்திருந்தால் நிம்மதி.

முடியவில்லை என்பதற்குச் சட்டப் புத்தகமே சாட்சி. 1989ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015ல் ஒரு திருத்தம் வந்தது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. சைக்கிள், பைக் ஓட்டுவது, புதுத்துணி போடுவது, கல்யாண ஊர்வலம் போவது எல்லாம் அதே வரிசையில் வரும். அதே திருத்தத்தில், செருப்பு மாலை போட்டு அவமானப்படுத்துவது குற்றம் என்று ஒரு பிரிவு. செத்த விலங்கைத் தூக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று இன்னொரு பிரிவு.

கவனிச்சீங்களா? தோல் எடுக்கிற இடம், செருப்பு அணிகிற இடம், செருப்பால் அவமானப்படுத்துகிற இடம். ஒரே சட்டத்தில் மூன்றும் வருகிறது. 21ம் நூற்றாண்டில் இந்தியப் பாராளுமன்றம் உட்கார்ந்து 'செருப்பு போட்டுக்கலாம்' என்று எழுத வேண்டியிருந்திருக்கிறது. நடைமுறையில் இல்லாத ஒன்றுக்கு யாரும் சட்டத்திருத்தம் கொண்டுவர மாட்டார்கள்.

அதே 2015ல் மஹாராஷ்டிர அரசு பசுவதைத் தடையைக் காளைகளுக்கும் எருதுகளுக்கும் சேர்த்து நீட்டியது. எருமை இதில் வராது என்றாலும் தோல் வரத்து குறைந்தது, தோல் ஏற்றிப் போகிற வண்டிகளுக்குப் பயம் வந்தது. 2016ல் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்த வீடியோவை நாடே பார்த்தது. செருப்பு வேணும், தோல் வேணும், தோல் எடுப்பவன் மட்டும் கண்ணில் படக்கூடாது!

கோலாப்பூர் என்பது யார் பெயர்?

ஒரு வேடிக்கை. கோலாப்பூர் செருப்பில் பெரும்பங்கு கோலாப்பூரில் செய்வது கிடையாது. பெல்காம் மாவட்டத்து அதானி, நிப்பாணி, அந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் செய்து கோலாப்பூர் சந்தைக்கு வரும். மகாலட்சுமி கோயிலுக்கு வருகிற கூட்டம் அங்கே வாங்கும், ஊருக்குப் போய்க் 'கோலாப்பூர் செருப்பு' என்று சொல்லும். சந்தையின் பெயரே சரக்குக்கு ஒட்டிக்கொண்டது. நம்ம ஊரில் 'மணப்பாறை முறுக்கு' என்று பாதித் தமிழ்நாடு விற்கிற மாதிரி.

ஒரு காலத்தில் இது பிரச்சினையே இல்லை, பெல்காமும் பம்பாய் மாகாணத்தில்தான் இருந்தது. 1956ல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது பெல்காம் மைசூர் மாநிலத்துக்குப் போய்விட்டது. செருப்பின் அடி ஒரு மாநிலம், பெயர் இன்னொரு மாநிலம்! கடைசியில் 2019ல் புவிசார் குறியீடு வந்தபோது இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாகக் கொடுத்தார்கள். மஹாராஷ்டிரத்தில் கோலாப்பூர், சாங்லி, சதாரா, சோலாப்பூர். கர்நாடகத்தில் பெல்காம், தார்வாட், பாகல்கோட், பிஜாப்பூர். மொத்தம் எட்டு மாவட்டம். உரிமை வைத்திருப்பவை இரண்டு மாநிலங்களின் தோல் தொழில் கழகங்கள். ஒன்றுக்கு சந்த் ரோஹிதாஸ் பெயர் (லிட்காம்), மற்றதுக்கு பாபு ஜகஜீவன் ராம் பெயர் (லிட்கர்).

மிலனில் ஒரு நடை

2025 ஜூன், மிலன் நகரம். அடுத்த கோடைக்கான ஆண்கள் உடைகளை பிராடா மேடையேற்றியது. சில மாடல்களின் காலில் கட்டைவிரல் வளையத்தோடு, குறுக்குப் பட்டையோடு ஒரு செருப்பு. குறிப்பில் 'தோல் செருப்பு' என்று மட்டும் இருந்தது. கோலாப்பூர் என்று ஒரு வார்த்தை கிடையாது. இணையம் பற்றி எரிந்தது. மஹாராஷ்டிர வர்த்தக சபை கடிதம் எழுதியது. பிராடா குழுமத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவுத் தலைவர் லொரென்சோ பெர்டெல்லி, இந்தியக் கைவினைச் செருப்புகளால் உந்தப்பட்டதுதான் என்று பதிலில் ஒத்துக்கொண்டார். ஜூலையில் பிராடா குழு ஒன்று கோலாப்பூருக்கே வந்து பட்டறைகளைப் பார்த்தது. அதே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் இது பற்றிய பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தது. வழக்குப் போட்டவர்கள் குறியீட்டின் உரிமையாளர்கள் இல்லை என்பது காரணம். டிசம்பரில் லிட்காம், லிட்கரோடு பிராடா ஒப்பந்தம் போட்டது. அங்கேயிருந்து வந்ததுதான் அந்த 800 யூரோ.

சட்டப்படி பார்த்தால் பிராடா ஜூனில் செய்ததில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். புவிசார் குறியீடு காப்பது பெயரைத்தான், வடிவத்தை இல்லை. அதுவும் இந்தியாவுக்குள்தான். பெயரையே சொல்லாமல் வடிவத்தை மட்டும் எடுத்தால் அந்தச் சட்டம் எட்டாது. பெயரைச் சொல்லாமல் விட்டது அவர்களுக்கு வசதியாகவே போனது!

நம்ம துறையில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ஓப்பன் சோர்ஸில் எம்ஐடி லைசென்ஸ் என்று ஒன்று. எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்து லாபம் பார்த்துக்கோ, எல்லாத்துக்கும் அனுமதி. ஒரே ஒரு நிபந்தனை, எழுதினவன் பேர் இருக்கிற அந்த வரியைத் தூக்கிடாதே. ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்குக் கிடைக்கிற அந்த மரியாதை கூட எண்ணூறு வருஷக் கைவேலைக்கு எழுதி வைக்கப்படவில்லை.

ஆனால் இதில் வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. பிராடாவைத் திட்டிய நம்மில் எத்தனை பேர் செருப்பு தைத்தவரின் பெயரைக் கேட்டிருக்கிறோம்? புனேவில் வேலை பார்த்தபோது ஒரு சனிக்கிழமை கோலாப்பூர் போயிருந்தேன். சுபாஷ் நகரில் ஒரு பட்டறை. வயதானவர் ஒருவர் அடித்தோலைத் தட்டிக்கொண்டிருந்தார், வீட்டம்மா பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். என் ஓட்டை இந்தியில், "காகா, உங்க பசங்க இந்த வேலை செய்யறாங்களா?" என்றேன். "பையன் பேக்டரிக்குப் போறான். இந்த வேலை செய்யறவனுக்கு யார் பொண்ணு கொடுக்கறாங்க?" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொன்னார்.

கடையில் நாம் கொடுக்கிற காசில் அவர் கைக்குப் போவது சில நூறு. விலையை ஏற்றினால் போதுமா என்றால், அதுவும் பாதிதான். பணத்தோடு சேர்ந்து மரியாதையும் வராத வரை அந்தப் பையன் திரும்பி வரப்போவதில்லை. அவன் ஏன் வரணும் என்று நானும் கேட்பேன். தொழில் அழியக்கூடாது என்று கவலைப்படுகிற நாம் யாரும் நம்ம பிள்ளையைத் தோல் பதனிட அனுப்பப் போவதில்லையே. 'பாரம்பரியம்' என்ற வார்த்தையை அடுத்தவர் தலையில் கட்டுவது சுலபம்.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு நம்பிக்கை தருகிற இடம் விலை இல்லை, பயிற்சி. கைவினைஞர்களுக்கு இங்கேயே பயிற்சி, சிலரை இத்தாலியில் இருக்கும் பிராடா பயிற்சிக்கூடத்துக்கு அனுப்புவது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சொன்னபடி நடந்தால், செருப்புத் தைப்பது பொண்ணு கிடைக்காத வேலை என்பதில் இருந்து பாஸ்போர்ட் எடுக்கிற வேலை என்று மாறலாம். 2000 ஜோடியில் ஊர் மாறிவிடாது. ஆனால் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பையன் யோசிக்க ஆரம்பிக்கலாம்.

சரி, அணிவது எப்படி?

வாக்குக் கொடுத்தபடி:

1. அளவு: கொஞ்சம் இறுக்கமாக இருப்பதையே வாங்குங்கள். தோல் போகப்போக விட்டுக்கொடுக்கும். வாங்கும்போதே லூசாக இருந்தால் ஆறு மாசத்தில் படகு.

2. சாயங்காலம் போய் வாங்குவது நல்லது. நாள் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு.

3. கடி: முதல் வாரம் கடிக்கும், ஒத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் வளையத்திலும் பட்டையின் உள்பக்கத்திலும் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ லேசாகத் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். முதலில் வீட்டுக்குள் தினம் அரைமணி நேரம். நேரே திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போட்டுப் போகிற வேலை வேண்டாம்.

4. தண்ணீர்தான் எதிரி. ஐப்பசி மழையில் சென்னைத் தெருவில் போட்டால் தோல் ஊறி உப்பும், பூஞ்சை பிடிக்கும். நனைந்துவிட்டால் நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

5. எதோடு போடலாம்: வேட்டி, ஜிப்பா, பருத்திப் புடவை, சுடிதார், ஜீன்ஸ் எல்லாத்துக்கும் ஒத்துப்போகும். பேண்ட் கணுக்காலுக்கு மேல் நின்றால் அழகு, தரையைக் கூட்டினால் செருப்பு இருப்பதே தெரியாது. புதுசில் வெளிர் நிறம், பழசாக ஆகக் கருந்தேன் நிறம். பழசுதான் ஸ்டைல்.

6. சாக்ஸ்: கட்டைவிரல் வளையம் இருப்பதால் ஆண்டவனே தடுத்துவிட்டான் :-)

7. அசலா போலியா: ஓரத்தைப் பாருங்கள், தோல் அடுக்குகள் தெரியணும். ஆணித் தலை தெரியக்கூடாது. மோந்து பாருங்கள், பெயிண்ட் வாசனை வந்தால் ரெக்சின். லிட்காம் இப்போ க்யூஆர் குறியீட்டோடு சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. ஸ்கேன் பண்ணிப் பாருங்கள்.

8. சத்தம்: நடந்தால் 'கர்ர் கர்ர்' என்று சில ஜோடி கத்தும். ரிப்பேர் இல்லை, அது பழைய ஃபேஷன். இடைவெளியில் ஏதாவது வைத்து வேண்டுமென்றே கத்த வைப்பார்களாம், ஆள் வருவது ஊருக்குத் தெரியணும் என்று.

அந்த எட்டாவது பாயின்ட்தான் எனக்குப் பிடித்தது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போகச் சொன்ன தெருவில், கர்ர் கர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு நடப்பதுதான் இந்தச் செருப்பை அணியும் சரியான முறை என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்பதாவதாக ஒன்று. வாங்கும்போது பேரம் பேசாதீங்க. தைத்தவர் பெயர் என்ன என்று ஒரு வார்த்தை கேளுங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, நாலு பேர் கேட்டால் அஞ்சாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

பி.கு: ஹிப்பி காலத்தில் வாங்கிய கோலாப்பூர் செருப்பை இன்னும் பரணில் வைத்திருக்கும் சித்தப்பாக்கள் யாருக்காவது இருந்தால், படம் பிடித்துப் போடுங்க மக்கா. அடியில் பதிந்திருக்கும் பாத அச்சையும் சேர்த்து!